அரின்னப் போறேன்

கைப்பேசியில் நாலைந்து காணொளி பார்த்தவன் கையில் ஸ்பேனரைக் கொடுக்கவே கூடாது. எனக்கு யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

கொழுந்தியாள் செல்வியின் கல்யாணக் காலை. றக்வான மலையிலிருந்து என் பழைய வேனில்தான் மணப்பெண் இரத்தினபுரி மாதா கோயிலுக்கு இறங்க வேண்டும். முதல்நாள் பிரேக் குழாய் மாற்றியதில் (நான்தான், வேறு யார்!) உள்ளே காற்றுப் புகுந்து, பெடல் பஞ்சுமெத்தையாக அமுங்கியது.

காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்திருக்க, மற்றவர் சக்கரத்தருகே நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து, காற்றும் ஒயிலும் வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகே காலை எடுக்கலாம். பக்கத்து வீட்டுச் சுனிலைச் சீட்டில் ஏற்றினேன். சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்துவிட்டுப் படுத்தேன்.

எங்கள் பேச்சில் தமிழ் எங்கே முடிகிறது, சிங்களம் எங்கே தொடங்குகிறது என்று மலை மூட்டத்துக்கும் தெரியாது. நிப்பிளைத் திறக்குமுன் எச்சரித்தேன்: "சுனில், அரின்னப் போறேன்!"

(சிங்களத்தில் 'அரின்ன' என்றால் திற. விடு என்றாலும் அதேதான்.)

முதல் பாதி காதில் விழுந்ததுமே அவன் காலை விடவும், நான் நிப்பிளைத் திறக்கவும் சரியாக இருந்தது. வெளியேறிய காற்று, மறந்த குடையை எடுக்க வந்ததுபோல் உள்ளே திரும்பியது. மறுபடியும் கத்தினேன், மறுபடியும் விட்டான். ஒயிலையெல்லாம் முற்றம் குடித்தது. பெடல் தரையைத் தொட்டது.

"ஏன்டா கால எடுத்த?"

"நீதானே மச்சான் அரின்ன சொன்னது!"

மனைவி ரோஸ்லின் வாசலுக்கு வந்தாள். "ஏங்க, எந்தங்கச்சிய கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா, நேரா மோட்சத்துக்கா?"

"மெதுவா எறக்கிருவேன்…"

"சாவியக் குடுங்க அத்தான்," என்றாள் செல்வி. கண்மை கரையத் தொடங்கியிருந்தது. கொடுத்தேன். வாழ்நாளில் நான் செய்த ஒரே பத்திரமான பிரேக் வேலை அதுதான்.

வெள்ளைச் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி ரோட்டுக்கு ஓடி, ஃபெக்டரிக்குப் போய்க்கொண்டிருந்த தேயிலைக் கொழுந்து லாரியை மறித்தாள். அக்காவும் தங்கையும் முன்னால்; நான் பின்னால், கொழுந்துச் சாக்குகளின் மேல், தண்டனையாக.

கோயில் வாசலில் மாப்பிள்ளையின் சித்தப்பா லாரியை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொண்ண நிறுத்தாச்சா? எத்தன கிலோ?"

அன்றிலிருந்து அந்த வீட்டில் செல்விக்குப் பெயர் கொழுந்து. புருஷன் கூப்பிடுவதும் அப்படித்தான். என் மேல் கோபம் வரும்போது மட்டும் போன் எடுத்து, மிக மரியாதையாகச் சொல்வாள்: "அத்தான், கொழுந்து பேசுறேன்."