விதைக் கம்பெனிக்கு இழுத்த கேபிள்

கம்பி மறுபடியும் முறிந்தது. மேசைக்கு அடியில் மல்லாந்து கிடந்த லிம்பானி, கையோடு வந்துவிட்ட துண்டைப் பார்த்துப் பல்லைக் கடித்தான். சாக்கெட்டுக்குள் வைத்து லேசாக அழுத்தினால் போதும், அப்பளம் மாதிரி ஒடிகிறது.

"என்னப்பா, எனக்கு லைன் வருமா வராதா?" மேசைக்கு மேலிருந்து சிராம்போ அம்மாவின் குரல். கணக்குப் பிரிவு என்றால் அந்த அலுவலகத்தில் அவர் ஒருவர்தான்.

"இதோ வந்துரும்மா."

"காலையிலயும் இதைத்தான் சொன்ன. அப்ப நான் டீ குடிச்சுக்கிட்டிருந்தேன். இப்பச் சாப்பாடே வந்தாச்சு."

குற்றம் கம்பியுடையது. அந்த விதைக் கம்பெனியின் பிளான்டயர் கிளையில் எல்லா மேசைக்கும் கேபிள் இழுத்து, லிலோங்வேயில் இருக்கும் தலைமை அலுவலகத்தோடு சேர்த்துவிட வேண்டும் என்பது வேலை. லிம்பானி இரண்டு வகைக் கேபிளைக் கொண்டுபோய்க் காட்டியிருந்தான். ஒன்று சுத்தமான செம்பு. மற்றது அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியது. கிளை மேலாளர் கோண்ட்வே இரண்டையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"எது நல்லா உழைக்கும்?"

"செம்புதான் சார். மத்தது சீக்கிரம் ஒடிஞ்சிரும். வேகமும் வராது."

கோண்ட்வே செம்பை ஒதுக்கிவைத்தார். "மத்ததே போடுங்க," என்றார்.

செலவுக்கு அஞ்சுகிற மனிதர் போலிருக்கிறது என்று லிம்பானி நினைத்துக்கொண்டான். மறுத்துப் பேசும் நிலையில் அவன் இல்லை. இதற்கு முன் ஒரு மருந்துக் கிடங்கில் அவன் இழுத்த கேபிள் மாடிப்படி வரைக்கும் போய் நின்றுவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்தில் சுவரில் துளை போட்டதோடு சரி. இரண்டுக்கும் அவனிடம் நியாயமான காரணங்கள் இருந்தன, கேட்கத்தான் ஆளில்லை. "ஒரு வேலையையாவது முடிச்சுட்டு வந்து நில்லு. அப்புறம் காரணம் சொல்லு," என்று மனைவி எஸ்நாத் கறாராகச் சொல்லியிருந்தாள். துணைக்குத் தன் தம்பி மசாவுக்கோவையும் அனுப்பிவைத்தாள். அது உதவியா தண்டனையா என்று லிம்பானிக்கு இன்னும் விளங்கவில்லை.

"மச்சான்," என்று அட்டை பதித்த பொய்க்கூரைக்கு மேலிருந்து மசாவுக்கோ கூப்பிட்டான். "ஒடிஞ்சதை விட்டுட்டுப் புதுசா ஒண்ணு கீழே விடட்டுமா?"

"விடு. ஆனா கட்டை மேலயே கால் வை. அட்டை மேல வைக்காத."

"எது கட்டை, எது அட்டை?"

லிம்பானி பதில் சொல்வதற்குள் மசாவுக்கோ தானே கண்டுபிடித்துவிட்டான். பொய்க்கூரையைப் பொத்துக்கொண்டு தொடை வரைக்கும் ஒரு கால் கீழே வந்தது. மேசை மேல் தட்டில் வெள்ளை வெளேரென்று உருட்டி வைத்திருந்த ந்சிமா என்னும் மக்காச்சோளக் களி மேல் கறுப்புத் தூசி பொலபொலவென்று கொட்டியது. மீன் மட்டும் தப்பித்தது. அது ஏற்கெனவே சிராம்போ அம்மாவின் வாயில் இருந்தது.

சத்தம் கேட்டுக் கோண்ட்வே அறையிலிருந்து வெளியே வந்தார். இத்தோடு வேலை போயிற்று என்று லிம்பானி எழுந்து நின்றான். கோண்ட்வே தொங்குகிற காலையே பார்த்தார்.

"தம்பிக்கு அடி ஒண்ணும் படலையே?"

"இல்ல சார்."

"இருந்தாலும் கவனிக்கணும். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நல்லா ஓய்வெடுத்துட்டு மெதுவா வாங்க."

"சார், திங்கக்கிழமை லிலோங்வேல இருந்து லைன்ல வர்றாங்கன்னு சொன்னீங்களே?"

"லிலோங்வே எங்கேயும் ஓடிப்போகாது தம்பி."

இத்தனை வருடத் தொழிலில் லிம்பானியிடம் யாரும் இப்படி நடந்துகொண்டதில்லை. இந்த மனிதருக்காகவாவது வேலையை முடித்தே தீர வேண்டும் என்ற பரபரப்பு அன்று அவனுக்குள் புகுந்தது.

அடுத்த யோசனையையும் கோண்ட்வேதான் சொன்னார். "பொய்க்கூரை ஆபத்து. சுவரோரமா கரண்டு கம்பி போற குழாய் இருக்கே, அதுக்குள்ளயே உங்க கேபிளையும் விட்டுருங்க. பார்க்க லட்சணமா இருக்கும்."

"கரண்டோட சேர்ந்து போனா இடைஞ்சல் வரும் சார்."

"எவ்வளவு வரும்?"

"நிறையவே வரும்."

"பரவாயில்ல, விடுங்க."

விட்டான். கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும்போதெல்லாம் ஒரு வரிசை மேசைகளுக்கு லைன் செத்தது. நகல் இயந்திரம் ஓடினால் எதிர்வரிசை செத்தது. டீ வேண்டுமா லைன் வேண்டுமா என்று அலுவலகத்தில் கையைத் தூக்கச் சொல்லிக் கேட்டார்கள். லைனுக்கு லிம்பானி மட்டும் கை தூக்கினான். அவன் அந்த அலுவலகத்து ஆள் இல்லை என்று சிராம்போ அம்மா அதையும் தள்ளிவிட்டார்.

"இதுக்கு முன்னாடி லைன் இல்லாம எவ்வளவு நிம்மதியா இருந்தோம்," என்றார் அவர். "இப்ப லைனும் இல்ல, நிம்மதியும் இல்ல."

மறுநாள் காலை லிம்பானி உள்ளே நுழைந்தபோது, மேசைகள் எல்லாம் ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தன. கோண்ட்வே கோட்டைக் கழற்றிவிட்டுத் தன் கையாலேயே தள்ளியிருக்கிறார்.

"வெளிச்சம் வரட்டும்னுதான்," என்றார் மூச்சு வாங்க. "கேபிள் முனையில எல்லாம் என்னமோ நம்பர் ஒட்டியிருந்தீங்க. பார்க்கவே அசிங்கமா இருந்துச்சு. பிய்ச்சுப் போட்டுட்டேன்."

எந்த முனை எந்த மேசைக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ள அந்த எண்களை விட்டால் வேறு வழியில்லை. லிம்பானி சோதனைக் கருவியைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு மூலை ஓடினான். நீளம் போதாத கேபிள்களை வெட்டி ஒட்டினான். சிராம்போ அம்மாவின் கேபிள் கிடங்கில் போய் முடிந்தது. கிடங்குக்கு இழுத்தது கழிவறைக் கதவோரம் தலைநீட்டியது. ஒரு கேபிளுக்கு மறுமுனையே அகப்படவில்லை.

"ஒருவேளை பக்கத்துக் கட்டடத்துக்குப் போயிருக்குமோ மச்சான்?" என்றான் மசாவுக்கோ.

"பேசாம இரு."

வீட்டில் அவனால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தான். கோண்ட்வே நல்லவர், ஆனால் தொழில் தெரியாதவர், அவர் சொன்னதையெல்லாம் கேட்டது என் தப்பு என்று அவனுக்குத் திடீரென்று உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்கத் தேவாலயத்தில் பாடிக்கொண்டிருந்தபோது, தன் கடையில் வைத்திருந்த அசல் செம்புக் கேபிளைத் தோளில் சுமந்துகொண்டு அலுவலகத்துக்குப் போனான். காவலாளியைக் கெஞ்சிக் கதவைத் திறக்கவைத்தான். பழையதை மொத்தமாக உருவி எறிந்தான். கரண்டுக் குழாயை விட்டு விலக்கி, பொய்க்கூரைக்கு மேல் கட்டை கட்டையாகத் தவழ்ந்து, எல்லாவற்றையும் புதிதாக இழுத்தான்.

"நான் மேல வரட்டுமா மச்சான்?" என்று கூடவே வந்திருந்த மசாவுக்கோ கீழேயிருந்து கேட்டான்.

"வந்தா உன்னை அங்கேயே வச்சு மூடிருவேன்."

திங்கட்கிழமை கோண்ட்வே விசிலடித்துக்கொண்டு வந்தார். கையில் போன்.

"இன்னிக்கு ஆகாதுன்னு லிலோங்வேக்குச் சொல்லிடறேன் தம்பி. இன்னும் எவ்வளவு நாள் கேக்கட்டும்? வெட்கப்படாம கேளுங்க."

"முடிஞ்சிருச்சு சார்."

"எது?"

"எல்லாமே."

கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியில் விளக்குகள் வரிசையாகப் பச்சையில் மினுங்கின. சிராம்போ அம்மா சந்தேகத்தோடு கெட்டிலைப் போட்டார். தண்ணீர் கொதித்தது. லைன் சாகவில்லை. அந்த நேரம் பார்த்துக் கோண்ட்வேயின் கணினித் திரையில் தலைமை அலுவலகத்து அம்மாளின் முகம் தெளிவாகத் தோன்றியது.

"கோண்ட்வே, ஒருவழியா உங்களைப் பிடிச்சாச்சு. கிடங்குல எவ்வளவு விதை இருக்கு, யாரு எப்ப வர்றாங்க, எப்பப் போறாங்க, இனிமே எல்லாம் எங்களுக்கு இங்கயே தெரியும். சந்தோஷம்தானே?"

கோண்ட்வே நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. லிம்பானியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவன் வெளியே வந்தபோது கால் தரையில் பாவவில்லை. கோண்ட்வேயின் டிரைவர் ஜாஃபாலி மரநிழலில் காரில் சாய்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தார்.

"வேலை முடிஞ்சிருச்சாமே?" என்றார் அவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"முடிஞ்சிருச்சுண்ணே. சார் அழுதுட்டார்."

"அழாம என்ன செய்வார்?" ஜாஃபாலி சக்கையைத் துப்பினார். "'எடுத்த வேலையை முடிக்கவே முடிக்காத ஆள் இந்த ஊர்ல யாராவது இருக்கானா'ன்னு அவர் கேட்டப்ப, உங்களை நம்பித்தானய்யா உங்க பேரைச் சொன்னேன்."