பட்டன் நரைத்த கதை

அஞ்சல் அட்டையில் மூன்றே வரிகள் டைப் அடிக்கப்பட்டிருந்தன. 'வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு உன் வீட்டு வாசலில் நிற்போம். ஒரு காபி போதும். அன்புடன், வெர்னா.'

நோரீன் அதை மூன்று முறை படித்தாள். குளியலறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நான்காம் முறை படித்தாள். மாறவில்லை.

நடிகை டெல்ஃபின் ஹார்க்கரிடம் அவள் காரியதரிசியாகச் சேர்ந்து இருபத்தாறு வருஷம். ரசிகர்களுக்குப் போகும் புகைப்படங்களில் டெல்ஃபினின் கையெழுத்தைப் போடுவதுதான் வேலை. ஹாலிவுட்டில் இது ரகசியம் இல்லை. பெரிய நட்சத்திரங்கள் பலருக்குத் தங்கள் கையெழுத்து எப்படி இருக்கும் என்பதே மறந்து போயிருந்தது. ஒரு கையெழுத்து, ஒரு உறை, ஒரு தபால்தலை. பதில் கடிதம் மட்டும் எழுதக் கூடாது.

நெப்ராஸ்காவிலிருந்து வெர்னா கிம்பல் என்ற ரசிகை எழுதியபோது நோரீன் அந்த விதியை மீறினாள். வெர்னா படத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. 'உங்கள் ஊரில் மழை உண்டா? சாப்பாடு ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?' என்று கேட்டிருந்தாள். நோரீனை அப்படி யாரும் கேட்டதில்லை. டெல்ஃபின் பெயரில் பதில் போட்டாள். பிறகு மாதம் இரண்டு கடிதம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் மணிக்கட்டு உடைந்துவிட்டது என்று வெர்னா டைப்ரைட்டருக்கு மாறினாள். ஆனாலும் நிறுத்தவில்லை.

நோரீனுக்கு வேறு யாரும் கடிதம் எழுதுவதில்லை. வியாழக்கிழமை உண்மை தெரிந்தால் இதுவும் நின்றுவிடும்.

டெல்ஃபின் தண்ணீர் இல்லாத நீச்சல் குளத்தின் ஓரம் உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"காரை இடிச்சிட்டியா?"

"இல்ல."

"என் வயசைப் பத்திரிகைக்காரன்கிட்ட சொல்லிட்டியா?"

"ஐயோ, இல்ல மேடம்."

"அப்ப பரவால்ல. சொல்லு."

நோரீன் சொன்னாள். டெல்ஃபின் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"நகல் வெச்சிருக்கியா?"

"நாலு பெட்டி இருக்கு."

"கொண்டா. ஸ்கிரிப்ட் படிக்காம நான் எந்தக் காட்சியிலயும் நின்னதில்ல."

இரண்டு நாள் சோபாவில் கிடந்து பென்சிலுடன் படித்தாள். அவ்வப்போது சமையலறை வரைக்கும் சத்தம் வந்தது.

"நோரீன்! நான் ப்ளம் ஜாம் போடறேனா?"

"ஆமா மேடம். வருஷா வருஷம்."

"எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியாதுடீ!"

கொஞ்ச நேரம் கழித்து, "என் மூணாவது புருஷனை மன்னிச்சிட்டேன்னு எழுதியிருக்கே!"

"அது ஈஸ்டர் வாரம் மேடம்."

"வேலைக்கு ஆளே வெச்சுக்கலையாம் நான். அப்ப நீ யாரு?"

"பக்கத்து வீட்டுக்காரி ஆயிடறேன்."

"பட்டன் யாரு?"

"பூனை மேடம். மஞ்சள் பூனை. என் வீட்டுப் பூனைதான்."

"அதைத் தூக்கிட்டு வா."

"அது செத்து ரெண்டு வருஷமாச்சு."

"போன மாசம் எலி பிடிச்சுதுன்னு எழுதியிருக்கே!"

"செத்துடுச்சுன்னு எழுத மனசு வரல மேடம். காகிதத்துலயாவது இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

நோரீன் எட்டிப் பார்த்தாள். டெல்ஃபின் கடைசிப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள்.

"பதினாறு வயசுல ஸ்டுடியோக்காரன் எனக்குப் பேர் வெச்சான். பல்லை மாத்தினான். பொறந்த ஊரை மாத்தினான். நாப்பத்திரண்டு படம். ராணி, கொலைகாரி, ரெண்டு தடவை கன்னியாஸ்திரீ. ஒருத்தனும் எனக்கு ஜாம் போடற வேஷம் குடுக்கல." மூக்கை உறிஞ்சினாள். "முப்பது வருஷத்துல எனக்கு வந்ததுலயே நல்ல பாத்திரம் இதுதான். வியாழக்கிழமை நடிக்கறேன். பூனைக்கு ஏற்பாடு பண்ணு."

அக்கம்பக்கத்தில் மஞ்சள் பூனை கிடைக்கவில்லை. கிடைத்தது சாம்பல் நிறப் பூனை. அது முதலில் நோரீனையும் பிறகு டெல்ஃபினையும் பிறாண்டியது.

சரியாக மூன்று மணிக்கு வாசலில் ஒரு பழைய வேன் நின்றது. தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒரு கிழவர் மட்டும் இறங்கி வந்தார்.

"நான் ஆல்வின். வெர்னா வீட்டுக்காரன். வெர்னா வேன்லயே இருக்கா மேடம். முட்டி மடங்க மாட்டேங்குது. நீங்க பேசிட்டு வந்து சொல்லுங்கன்னுட்டா."

"நான் வேணா கைத்தாங்கலா கூட்டிட்டு வரேனே" என்று நோரீன் கிளம்பினாள்.

"வேணாம்! வேணாம்! தூங்கறா."

"இப்பத்தானே பேசினாங்கன்னீங்க?"

"சொல்லிட்டுத் தூங்கிட்டா. துணைக்குத் தம்பி பொண்ணு இருக்கு. அவதான் வண்டி ஓட்டறா."

உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பூனையைப் பார்த்தார்.

"இது பட்டனா? மஞ்சள் பூனைன்னு வெர்னா சொன்னாளே?"

டெல்ஃபின் கண் இமைக்கவில்லை.

"வயசாயிடுச்சில்ல. நரைச்சிடுச்சு."

ஆல்வின் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "நியாயந்தான்."

காபி வந்தது. டெல்ஃபின் பிரமாதமாக நடித்தாள். ப்ளம் பழம் எப்போது பழுக்கும் என்று சொன்னாள். முழங்கால் வலிக்கு எந்தத் தைலம் என்று சொன்னாள். மூன்றாவது புருஷனை மறுபடியும் மன்னித்தாள். நோரீன் மூலையில் பக்கத்து வீட்டுக்காரியாக உட்கார்ந்து மூச்சு விட ஆரம்பித்தாள்.

அப்போது ஆல்வின் தொப்பியைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "மணிக்கட்டு உடைஞ்ச வருஷம்... வீட்டுல ரொம்பக் கஷ்டம். அப்ப நீங்க ஒரு லெட்டர் போட்டீங்க. அது இன்னும் பைபிளுக்குள்ள இருக்கு. அதை உங்க வாயால ஒரு தடவை கேட்டுட்டு வரணும்னு... வெர்னாவுக்கு ஆசை."

டெல்ஃபின் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். வெளிச்சம் எந்தக் கன்னத்தில் விழ வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். நிதானமாகத் திரும்பினாள்.

"அன்புள்ள வெர்னா..."

நின்றாள். மறுபடி, "அன்புள்ள வெர்னா..."

ஸ்டுடியோவில் வசனம் மறந்தால் நடிகர்கள் ஒரே ஒரு வார்த்தை கத்துவார்கள். ஓரத்தில் ஸ்கிரிப்டோடு இருப்பவர் அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பார். நாற்பது வருஷப் பழக்கம். டெல்ஃபின் விரலைச் சொடுக்கினாள்.

"லைன்!"

நோரீனின் வாய் தானாகத் திறந்தது. "'காலையில எழுந்ததும் காபி மட்டும் போடு. மத்ததை மத்தியானம் யோசிக்கலாம். மத்தியானம் ஆனதும் எனக்கு எழுது.'"

பூனை எழுந்து வெளியே போய்விட்டது.

ஆல்வின் மெல்லத் தலையைத் திருப்பி நோரீனைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு நல்ல ஞாபக சக்தி" என்றார்.

"வாங்க, மாடியில என் படமெல்லாம் மாட்டியிருக்கு, காட்டறேன்" என்று டெல்ஃபின் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். போகிற போக்கில் நோரீனை முறைத்து வாசலைக் கண்ணால் காட்டினாள்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. கிழவர் திரும்பிப் போய்ச் சொல்வதற்குள் தானே சொல்லிவிடுவது நல்லது. நோரீன் ஒரு ஜாடி ஜாமை எடுத்துக்கொண்டு வேனுக்கு ஓடினாள். பின் ஜன்னலில் திரை போட்டிருந்தது. கண்ணாடியைத் தட்டினாள்.

"வெர்னா, நீ எழுந்திருக்க வேணாம். கேட்டா போதும். என் பேரு நோரீன். டெல்ஃபின் உனக்கு ஒரு வரி கூட எழுதல. எல்லாம் நான்தான். ஜாம் என்னுது. முழங்கால் வலி என்னுது. பட்டன் கூட செத்துப் போச்சு, அதையும் மறைச்சிட்டேன். திட்டணும்னா திட்டி எழுது. பக்கம் பக்கமா திட்டு. எழுதாம மட்டும் இருந்துடாதே."

முன் கதவு திறந்தது. முப்பது வயதுப் பெண் ஒருத்தி பாதி ஹாம்பர்கருடன் இறங்கி வந்தாள்.

"யார்கிட்ட பேசறீங்க? பின்னாடி கூடாரமும் ஐஸ் பெட்டியுந்தான் இருக்கு."

"உங்க பெரியம்மாகிட்ட..."

அந்தப் பெண் மெல்லுவதை நிறுத்தினாள். ஜாடியைப் பார்த்தாள், பிறகு நோரீனைப் பார்த்தாள்.

"பெரியம்மா போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு, பெரியப்பாதான் இன்னும் அவங்க பேர்ல மாசம் ரெண்டு லெட்டர் டைப் அடிச்சு யாருக்கோ போட்டுட்டிருக்காரு... அது நீங்கதானா?"