நான் மூடிவிட்ட மேற்கோள்குறி

பிரிக்பீல்ட்ஸ்,
புதன்கிழமை.

அன்பு மருமகள் ஷாமினிக்கு, கமலநாதன் மாமா எழுதிக்கொண்டது. இங்கு நானும் அத்தையும் நலம், அத்தையின் முழங்கால் நீங்கலாக. கிள்ளானில் நீயும் அம்மாவும் நலமென்று நம்புகிறேன். சனிக்கிழமையிலிருந்து நீ போனை எடுக்காததால் தபாலில் எழுதுகிறேன்.

போன மாதம் நீ, "மாமா, நாங்க ஒரு திறந்த மூலத் திட்டம் நடத்துறோம், அதுல தமிழ் மட்டும் பார்த்துக் குடுங்க" என்றபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூலம் என்றால் எனக்குத் தெரிந்தது உட்கார முடியாத வியாதி ஒன்றுதான். அதிலும் திறந்த மூலம் என்றதும் அத்தை பதறிப்போய் மருந்துக்கடையில் களிம்பே வாங்கி வந்துவிட்டாள். அப்புறம்தான் நீ ஓப்பன் சோர்ஸ் என்றாய், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம் என்றாய். அந்தத் 'திருத்தலாம்' ஒன்றைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். முப்பத்தொரு வருடம் பத்திரிகையில் பிழை திருத்தியவன் வேறு எதைப் பிடித்துக்கொள்வான்?

நீ அனுப்பிய முறுக்குக் கடை வலைத்தளம் நிஜக் கடை இல்லை, திருடன் எப்படி உள்ளே நுழைவான் என்று பிள்ளைகள் பழக வேண்டுமென்றே ஓட்டை வைத்த கடை என்று நீ சொன்னது உண்மைதான். ஆனால் எது நீங்கள் வைத்த ஓட்டை, எது அச்சுப்பிழை என்று எங்காவது எழுதி ஒட்டியிருந்தீர்களா? முதல் பக்கத்திலேயே 'கடவுச்சொல்லை இடவும்' என்றிருந்தது, ஒரு 'ள்' விடுபட்டுவிட்டதென்று 'கடவுள் சொல்லை இடவும்' என்று திருத்தினேன், அதைப் பார்த்து சனிக்கிழமை உன் வகுப்பில் இருபத்திரண்டு பேரில் இருபது பேர் 'முருகா' என்று அடித்து ஒருவர் கணக்கில் இன்னொருவர் புகுந்ததற்கு நானா பொறுப்பு? அது போகட்டும். மூன்றாம் பாடத்தில் ஒற்றை மேற்கோள்குறி ஒன்று திறந்தபடியே கிடந்தது, மூடும் குறியைக் காணோம், கை சும்மா இருக்குமா, மூடினேன். செலாயாங்கிலிருந்தும் செராஸிலிருந்தும் வந்த பிள்ளைகள் பாடத்தில் உள்ளபடியே தட்டித் தட்டிப் பார்த்தும் கடை திறக்கவில்லை, நீ முன்னால் நின்று வியர்த்தாய், நான் கடைசி வரிசையில் கறிபாப் தின்றுகொண்டிருந்தேன். உன்னோடு பாடம் நடத்தும் ஜுஹைர்தான் கண்டுபிடித்து என்னிடம் வந்தார்.

"அங்கிள், அந்த ஒத்தக் குறிதான் சாவி லா. ஏன் மூடுனீங்க?"

"திறந்து கெடந்துச்சுப்பா."

"திறந்துதான் கெடக்கணும் அங்கிள். அந்த வழியாத்தான் திருடன் உள்ள நுழைவான், பாடமே அதான்."

பிழையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதும் ஒரு வேலையா என்று எனக்கு இன்னும் குழப்பமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உனக்குத் தலைகுனிவு வந்தது என்னால். வருத்தமாக இருக்கிறதம்மா. ஒன்றே ஒன்று கேட்கிறேன். முப்பத்தொரு வருடத்தில் என் பெயர் ஒரு தடவைகூட அச்சில் வந்ததில்லை. உங்கள் பங்களிப்பாளர் பட்டியலில் என் பெயரையும் நீ சேர்த்திருக்கிறாய் என்று ஜுஹைர் சொன்னார். கோபத்தில் அதை மட்டும் எடுத்துவிடாதே. இனி நீ சொல்லாமல் ஒரு புள்ளியைக்கூடத் தொடமாட்டேன், இது சத்தியம்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல். அத்தையின் ஆசீர்வாதங்கள். களிம்பு இன்னும் பிரிக்காமல்தான் இருக்கிறது, யாருக்காவது தேவைப்பட்டால் சொல்.

இப்படிக்கு,
மாமா கமலநாதன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் அந்தப் பட்டியலை ஆசைக்கு ஒருமுறை திறந்து பார்த்தேன். 'கமலனாதன்' என்று போட்டிருக்கிறது. இது பிள்ளைகளுக்கு வைத்த ஓட்டையா, பிழையா என்று அரைமணி நேரம் யோசித்தேன். ஒரே ஒரு எழுத்துத்தான், மாற்றினேன். இப்போது என் பெயர் மட்டுமல்ல, யார் பெயரையும் காணோம். போனை எடும்மா.