தேரை டாக்டரின் மூன்று போத்தல்கள்

மனிதர்களின் நாடியைவிடத் தேரைகளின் முதுகை அதிகம் தொட்டுப் பார்த்த வைத்தியர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருந்தார். மாத்தளையிலிருந்து மேலே ஏறி வந்து சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. தேரை டாக்டர் என்றால் தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்கக் கை காட்டும்.

தேரையின் கண்ணுக்குப் பின்னால் மேடாக இருக்குமே, அதை அமுக்கினால் பால் மாதிரி கசியும். அதில் எவ்வளவு விஷம், எந்தத் தேரைக்கு அதிகம் என்று பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது. ஊசிமுனையளவு நாக்கில் தடவிக்கொண்டு பச்சை மிளகாயைக் கடிப்பார். உறைக்கும் வரை எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்வார். அதுவரை நாக்கு மரத்துப் பேச்சு வராது. காய்ச்சல்காரனிடம் சிலேட்டில் எழுதிக் காட்டுவார். காய்ச்சல்காரனுக்கு வாசிக்கத் தெரியாது. இருமல் மருந்துக்குப் பக்கத்தில் தேரைகள் உட்கார்ந்து முறைத்ததில், வயிற்றுவலி என்று போனவர்கள் வாசலிலேயே குணமாகிக் கொழுந்தெடுக்கத் திரும்பினார்கள். தோட்டத்தை நடத்தும் துரைக்கு ஒரே சந்தோஷம்.

அப்போது நான் பங்களாக் குசினியில் சமையல்காரன். ஒரு நாள் காலை நான் சாப்பாடு வைத்த கொஞ்ச நேரத்தில் துரையின் நாய் நுரை தள்ளிச் செத்தது. நான்தான் விஷம் வைத்தேன் என்று துரை முடிவுகட்டி, பொலிசுக்கு ஆள் அனுப்பக் கிளம்பினார். வேலை போனால் லயத்து அறையும் போகும். வேலையை விட்டுப் போகையில் தரும் பற்றுச்சீட்டில் கெட்ட பெயர் விழுந்தால் வேறு எந்தத் தோட்டமும் சேர்க்காது. என் மனைவிக்கு அப்போது நிறைமாதம்.

கூப்பிடாமலே டாக்டர் வந்தார். நாயின் வாயைத் திறந்து பார்த்தார். பூப்பாத்தியில் தேடி, பல் பதிந்த தேரை ஒன்றைத் தூக்கி வந்தார். முகத்தில் மாப்பிள்ளைக் களை. மூன்று போத்தல்களில் மீன்குஞ்சுகளை விட்டார். ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் நாய் மிச்சம் வைத்த இறைச்சியின் சாறு, ஒன்றில் தேரையைக் கழுவிய தண்ணீர். அரை மணி நேரத்தில் தேரைப் போத்தலில் மட்டும் மீன்கள் மல்லாந்து மிதந்தன. என் சாற்றில் இருந்தவை வெகு உற்சாகமாக நீந்தின.

துரை தோட்டத்துத் தமிழில் சொன்னார்: "அது மீன். நம்ம நாய் மீன் இல்லே."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். டாக்டர் சுத்த சைவம். மாடு சமைக்கிற கை என்று என்னிடம் பச்சைத்தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. அப்படிப்பட்டவர் நாயின் தட்டை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, மூன்று கவளம் மாட்டிறைச்சி தின்றார்.

"பாத்துக்கிட்டே இருங்க தொரை," என்றார். "நான் விழுந்தா இவன புடிச்சுக் குடுங்க."

படிக்கட்டில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கிட்டே அழைத்தார். கடைசி ஆசை ஏதோ சொல்லப் போகிறார் என்று குனிந்து காதைக் கொடுத்தேன்.

"ஏன்டா, உப்பே போடலையா?"

"நாய்க்கு உப்பு ஆகாதுங்க ஐயா."

மதியம் வரை அவர் விழவில்லை. துரை என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பகல் சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்டார். அவ்வளவுதான் தீர்ப்பு. டாக்டர் நேரே மலைத்தண்ணீர் கொட்டும் பீலிக்குப் போய் வெகு நேரம் தலைக்குத் தண்ணீர் விட்டார்.

மகள் பிறந்த முப்பதாம் நாள் எங்கள் லயத்துக்கு வந்தார். பாயில் உட்கார்ந்து, நான் ஆக்கிய பருப்பும் சோறும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எத்தனையோ துரைமாருக்கு விருந்து சமைத்திருக்கிறேன். பெருமையாகச் சொல்லிக்கொள்வது அந்த ஒரு சாப்பாட்டைத்தான்.