ஏகமனதாக அடைத்த கால்வாய்

ஒரு காட்டில், அதாவது மரங்களையெல்லாம் வெட்டி மனை போட்டு விற்றுவிட்டு, போனால் போகிறதென்று 'பசுஞ்சோலை நகர் விரிவு' என்று பெயரை மட்டும் விட்டுவைத்திருந்த ஒரு காட்டில், பவுனம்மா என்றொரு பெருச்சாளி இருந்தாள். மூன்றாம் குறுக்குத் தெருவின் பள்ளத்துக் கோடியில் அவள் வளை. தெருவில் பெய்கிற மழையெல்லாம் அந்தக் கோடிக்குத்தான் வரும். அங்கிருந்து ஒரு சின்னக் கால்வாய் வழியாக ஏரிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தக் கால்வாயோ வீடு கட்டியவர்கள் கொட்டிய மண்ணும் இளநீர் மட்டையும் பிளாஸ்டிக் பையுமாக விளிம்பு வரை அடைத்துக் கிடந்தது.

பவுனம்மாவின் வளையில் நான்கு குட்டிகள். இன்னும் கண் திறக்காதவை. போன வருஷ ஐப்பசி மழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்து அவள் ஈன்ற ஐந்தும் போய்விட்டன. அந்தத் துக்கம் அவளுக்கு ஆறவே இல்லை. இந்த வருஷமும் ஐப்பசி பிறந்துவிட்டது. வானத்தைப் பார்ப்பதும் கால்வாயைப் பார்ப்பதுமாக அலைந்தாள்.

நகரில் குடியிருப்போர் நலச் சங்கம் ஒன்றும் இருந்தது. தலைவர், ஆமை சபாரத்தினம். முப்பத்தெட்டு வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் அதில் என்ன குறைகிறது என்று கண்டுபிடிக்கும் வித்தை அவருக்கு அத்துப்படி. செயலாளர், காகம் கோவர்த்தனன். அதன் கைப்பேசியும் ஓயாது, வாயும் ஓயாது. மூன்று வருஷத்தில் இந்தச் சங்கம் நகரை மேம்படுத்திய விவரம் இது: ஒரு ரப்பர் முத்திரை செய்தார்கள். ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். குப்பைமேட்டின் உச்சியில் 'இங்கு குப்பை கொட்டாதீர்' என்று ஒரு பலகை நட்டார்கள். பலகையைச் சுற்றிக் கொட்டுவது இன்னும் வசதியாகிவிட்டதாக எல்லோரும் சொன்னார்கள்.

பவுனம்மா தலைவரைத் தேடிப் போனாள்.

"ஐயா, மழை வருதுங்க. கால்வாயைத் தூர் வாரணும். வளையில புள்ளைங்க இருக்குங்க."

ஆமையார் தலையை ஓட்டுக்குள்ளிருந்து முக்கால்வாசி வெளியே நீட்டினார். "மனு குடுத்தீங்களா?"

"மூணு தடவை குடுத்துட்டேங்க."

"பார்த்தேன். பொதுப் பிரச்சினைன்னா பத்து பேர் கையெழுத்து வேணும்மா. உங்க மனுவுல ஒண்ணுதான் இருக்கு."

"தண்ணி என் வளைக்குள்ளதானேங்க வருது. மத்தவங்க எல்லாம் மேட்டுல இருக்காங்க."

"அப்ப அது பொதுப் பிரச்சினை இல்லையே!" என்றார் ஆமையார், கணக்கு சரியாக வந்துவிட்ட சந்தோஷத்தில். தலை உள்ளே போய்விட்டது.

பவுனம்மா திரும்பி வந்தாள். பெருச்சாளிக்கு மண் தோண்டச் சொல்லித்தர வேண்டுமா? மறுநாள் விடியற்காலை கால்வாயில் இறங்கினாள். மூன்று காலைப்பொழுது. குட்டிகளுக்குப் பால் கொடுத்த நேரம் போக மீதி நேரமெல்லாம் பறித்தாள், இழுத்தாள், பல்லால் கடித்துப் பிளாஸ்டிக்கைப் பிய்த்து எடுத்தாள். நகமெல்லாம் தேய்ந்து ரத்தம் கசிந்தது. நான்காம் நாள் ஒரு தூறல் விழுந்தது. தெருத் தண்ணீர் அவள் வளை வாசலைத் தொடாமல் விறுவிறுவென்று ஏரிப்பக்கம் ஓடியது. பவுனம்மா வாசலில் உட்கார்ந்து அதை வேடிக்கை பார்த்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவளுக்கு நிம்மதியாக மூச்சு வந்தது.

மேட்டு வீட்டு ஆடு செண்பகம் அந்த வழியாக வந்தாள். "அடியாத்தி! பவுனு, நீ ஒருத்தியாவா வாரினே? இரு, ஒரு போட்டோ எடுத்துக் குரூப்புல போடறேன்" என்றாள். நல்ல எண்ணத்தோடுதான் போட்டாள். நல்ல எண்ணத்தால் வந்த வினைக்கு அந்த நகரில் பஞ்சமே கிடையாது.

அன்று சாயங்காலமே சங்கத்தின் தகரக் கொட்டகையில் அவசரக் கூட்டம் கூடியது. தன்னைப் பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, பவுனம்மா மீசையெல்லாம் கழுவிக்கொண்டு போனாள். போய்ப் பார்த்தால் இழவு வீடு மாதிரி எல்லோரும் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நாலு மாசம் நடையா நடந்து, வார்டு உறுப்பினர் யானையாரைச் சம்மதிக்க வச்சிருக்கேன்," என்று ஆரம்பித்தார் ஆமையார். அவர் நாலு மாசம் நடந்தால் எவ்வளவு தூரம் போயிருப்பார் என்று யாரும் கேட்கவில்லை. "வர்ற ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்குக் கால்வாய் தூர் வாரும் பெருவிழா. யானையார் முதல் மண்ணை அள்ளித் தொடங்கி வைக்கிறார். பேனர் அடிச்சாச்சு, மேடை போட்டாச்சு. இப்ப அவர் வந்து எதை அள்ளுவாரு?"

வளைக்குத் தண்ணீர் வந்தால் அது பொதுப் பிரச்சினை இல்லை; யானையார் வந்தால் பொதுப் பிரச்சினை. கொட்டகையே பவுனம்மாவைத் திரும்பிப் பார்த்தது.

"விழா நடக்கப் போறது எனக்குத் தெரியாதுங்க," என்றாள் அவள்.

"எப்படிம்மா தெரியும்? குரூப்பைப் பார்த்தாத்தானே!" என்றது காகம். அது அந்த அறிவிப்பை, நாற்பது காலை வணக்கப் படங்களுக்கும் ஒரு மூட்டுவலி வைத்தியத்துக்கும் நடுவில் போட்டிருந்தது.

"அதான் வாரியாச்சேங்க. தண்ணி நல்லா போகுதே."

"தண்ணி போகுதும்மா. ஒற்றுமை போயிடுச்சே!" என்றார் ஆமையார். "நூறு பேர் கூடி வாருறது எங்கே, ஒருத்தி தனியா வாருறது எங்கே? ஊர் கூடித் தேர் இழுக்கணும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? அதனால நான் என்ன சொல்றேன்னா, மண்ணைத் திரும்பப் போட்டுடுவோம். ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேர்ந்து எடுத்துடுவோம்."

பவுனம்மா எழுந்து முன்னால் வந்தாள். "ஐயா, நடுவுல மழை வந்துட்டா? புள்ளைங்களுக்கு இன்னும் கண்ணே திறக்கலைங்க."

காகம் கைப்பேசியை அவள் மூக்குக்கு நேரே நீட்டியது. "பாருங்க, ஞாயிறு வரைக்கும் லேசான தூறல்தான்னு போட்டிருக்கு. இன்னைக்குப் புதன். நாலு நாள் தாங்காதா?"

அவள் முடியாது என்றுதான் சொல்லியிருப்பாள். அதற்குள் ஆமையார் கழுத்தை முழுசாக நீட்டி, "பவுனம்மா மேடம்," என்றார். அதுவரை அந்த நகரில் அவளுக்கு 'அந்தப் பெருச்சாளி' என்றுதான் பெயர். கோபம் வந்தால் 'தோண்டித் தொலைக்கிற சனியன்' என்பார்கள். மேடம் என்று ஒரு பிராணியும் கூப்பிட்டதில்லை. "மேடையில யானையாருக்குப் பக்கத்து நாற்காலி உங்களுக்குத்தான். பொன்னாடை போர்த்தறோம்."

அங்கேதான் விழுந்தாள் பவுனம்மா. அவளைக் குறை சொல்லாதீர்கள். பிறந்ததிலிருந்து விரட்டப்பட்டவளுக்கு ஒரு நாற்காலி கிடைக்கிறது என்றால் கொஞ்சம் கிறுகிறுக்கத்தான் செய்யும். தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். செண்பகம் முன்னங்காலைத் தூக்கினாள். எல்லோரும் தூக்கினார்கள். பவுனம்மாவின் கையும் மேலே போனது. யாரும் பிடித்துத் தூக்கவில்லை. ஏகமனதாக நிறைவேறியது என்று காகம் எழுதிக்கொண்டது.

சரி, மண்ணை யார் போடுவது? ஒருவருக்கு இடுப்புப் பிடிப்பு, ஒருவருக்கு விரதம், ஒருவர் மகளுக்குப் பரீட்சை. "தோண்டினவங்களுக்குத்தானே மூடவும் கைப்பழக்கம் இருக்கும்," என்று யாரோ சொன்னார்கள். வியாழக்கிழமை முழுவதும் பவுனம்மா தான் எடுத்த மண்ணைத் தானே தள்ளினாள். ஆமையார் குடை நிழலில் நின்று மேற்பார்வை பார்த்தார். "முன்னாடி இதைவிட மேடா இருந்துச்சு மேடம். போட்டோவுல அடைப்பு தெரியணும்ல?" என்று சொல்லி, புது வீடு கட்டுகிற இடத்திலிருந்து இரண்டு வண்டி இடிபாடும் கொண்டுவந்து கொட்டச் செய்தார். பவுனம்மா அதையும் மிதித்து அமுக்கினாள். எடுத்த வேலையைத் திருந்தச் செய்கிற குணம் அவளுக்கு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. லேசான தூறல் என்று போட்டிருந்த விஷயம் மழைக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. கொட்டு கொட்டென்று கொட்டியது. அரை மணி நேரத்தில் மேட்டுத் தண்ணீரெல்லாம் பள்ளத்துக் கோடிக்கு இறங்கியது. கால்வாயில் முட்டிக்கொண்டு திரும்பியது. வளை வாசலில் ஏறியது.

பவுனம்மா, செண்பகம் எப்போதோ கொடுத்திருந்த பழைய கைப்பேசியில் குழுவுக்குக் குரல் பதிவு போட்டாள். "ஐயா, அக்கா, யாராச்சும் வாங்க. வளைக்குள்ள தண்ணி வருது. புள்ளைங்க உள்ள இருக்கு. கால்வாயைக் கொஞ்சம் வெட்டி விடுங்க."

பதில்கள் உடனே வந்தன. அந்த விஷயத்தில் அந்த நகரைக் குறை சொல்லவே முடியாது. செண்பகம் கும்பிடு போட்டாள். ஒருவர் மழையைப் பற்றி எட்டு வரிக் கவிதை போட்டார். ஒருவர் பஜ்ஜித் தட்டைப் படம் எடுத்துப் போட்டார். காகம், 'தனிப்பட்ட விஷயங்களைக் குழுவில் பதிவிட வேண்டாம்' என்று போட்டது. கடைசியாகத் தலைவரே, 'ஞாயிறன்று தூர் வாரப்போவதால் பொறுமை காக்கவும்' என்று எழுதினார்.

அவள் கைப்பேசியை மேட்டுப் பக்கம் வீசிவிட்டுக் கால்வாய்க்கு ஓடினாள். பறித்துப் பார்த்தாள். அவளே மிதித்து அமுக்கிய மண், ஒரு பிடிகூடப் பெயரவில்லை. திரும்பி வளைக்குள் பாய்ந்து, ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு நீந்தினாள். பக்கத்தில் உயரமாக இருந்தது விழா மேடை ஒன்றுதான். அங்கே போட்டுவிட்டு இரண்டாவதை எடுத்து வந்தாள். மூன்றாவதை எடுத்து வந்தாள். நான்காவது தடவை போனபோது வளை இருந்த இடமே தெரியவில்லை. இருட்டும்வரை அந்தத் தண்ணீருக்குள் மூழ்கி மூழ்கித் தேடினாள். கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விழா நின்றுவிட்டது என்றா நினைக்கிறீர்கள்? பேனரில் 'கால்வாய் தூர் வாரும்' என்ற இடத்தில் ஒரு தாளை ஒட்டி 'வெள்ள நிவாரணப்' என்று எழுதினார்கள். 'பெருவிழா' அப்படியே இருந்தது. யானையார் பத்து மணிக்கு வரவேண்டியவர் பன்னிரண்டரைக்கு வந்தார்.

"எங்கேய்யா கால்வாய்?" என்று கேட்டார்.

"நீங்க நிக்கிறதே அதுலதாங்க," என்றார் ஆமையார் பயபக்தியோடு.

பவுனம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தி, கையில் ஒரு பிரெட் பாக்கெட்டைக் கொடுத்தார்கள். அவள் கேமராவைப் பார்க்காமல் குட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்ததால் மூன்று தடவை பிடுங்கிப் பிடுங்கித் திரும்பக் கொடுக்க வேண்டியிருந்தது. இறந்த குட்டிக்கு இரண்டு நிமிஷம் மௌன அஞ்சலி. காகத்தின் கைப்பேசி அடித்ததால் அரை நிமிஷத்தில் முடித்துக்கொண்டார்கள். பிறகு ஆமையார் கண்ணீர் மல்க ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கால்வாய்க்கு அந்தக் குட்டியின் பெயரையே வைப்பது என்று ஏகமனதாக முடிவாயிற்று. குட்டிக்குப் பெயர் வைக்கிற வயசே வரவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

சங்கம் ஒன்றைச் செய்வது என்று முடிவெடுத்துவிட்டால் செய்துவிடும். ஒரே மாதத்தில் பளபளவென்று ஒரு பெரிய பலகை தயாரானது. 'பவுனம்மாள் குட்டி நினைவுக் கால்வாய்' என்று மேலே சின்ன எழுத்தில் இருந்தது. கீழே தலைவர், செயலாளர், பொருளாளர், ஒன்பது செயற்குழு உறுப்பினர்கள் பெயர்களும் யானையாரின் படமும் பெரிதாக இருந்தன. இடிபாடு கிடந்த கால்வாயின் நட்டநடுவில் பள்ளம் பறித்து, சிமென்ட் கான்கிரீட் போட்டு, இரண்டு இரும்புத் தூண்களில் அதை நிறுத்தினார்கள். இந்தத் தடவை சங்கமே கூடி வேலை செய்தது. ஒருவருக்கும் இடுப்பு பிடிக்கவில்லை.

திறந்துவைக்கப் பவுனம்மாவைக் கூப்பிட்டார்கள். அவள் பலகையைப் படிக்கவில்லை. கீழே கான்கிரீட்டைப் பார்த்தாள்.

"ஐயா, இதைத் தாண்டி இனி தண்ணி எப்படிங்க போகும்?"

"என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க?" ஆமையாருக்கு நிஜமாகவே மனசு நொந்துவிட்டது. "ஓரமா வச்சா உங்க குழந்தை பேரு ரோட்டுல போறவங்களுக்குத் தெரியுமா?"

பவுனம்மா பொன்னாடையைக் கழற்றித் தூணில் மாட்டினாள். மூன்று குட்டிகளும் அப்போது நடக்கப் பழகியிருந்தன. அவற்றை முன்னே விட்டுத் தான் பின்னால் போனாள். நகரைத் தாண்டி, மலையடிவாரம்வரை, சங்கம் என்ற பேச்சே காதில் விழாத மேட்டுக் கரடு வரும்வரை அவள் நிற்கவில்லை.

'பவுனம்மா குழுவிலிருந்து வெளியேறினார்' என்று கைப்பேசிகளில் வந்தது. அதன்கீழே செண்பகம் ஒரு பூங்கொத்து போட்டாள். பதினேழு பேர் 'வாழ்த்துகள்' என்று போட்டார்கள்.

நீதி: ஒற்றுமையே பலம் என்பது சத்தியமான வார்த்தை. ஆகவே நாலு பேர் ஒற்றுமையாக உன் வீட்டுப் பக்கம் வருவதைக் கண்டால், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடு.