அடிப்பழமும் குளிரில் நடுங்கிய பொம்பளையும்

அத ஏன் கேக்குற மல்லிகா, ஓடைப்பட்டி சுத்துவட்டாரத்துல அடிப்பழத்த ஏமாத்துற ஆளு இன்னும் பொறக்கலன்னுதான் நானும் நெனச்சிருந்தேன். ஒரு செல்போன் விளம்பரம் ஏமாத்திப்புடுச்சு. நீ இந்தத் தெருவுக்குப் புதுசு, உனக்குத் தெரியாது. அந்தப் பச்சைக் கதவு வீட்டுக்காரன்தான். திராட்சை யாவாரி.

தோட்டத்துல எம்புட்டுப் பழகுன ஆளு பெட்டி கட்டி வச்சிருந்தாலும், "மேப்பழம் எல்லா ஊர்லயும் நல்லாத்தான்யா இருக்கும், அடிப்பழத்தக் காட்டு"ன்னு கவுத்திருவான். அதுவே பேராப் போச்சு. ஆத்தா அப்பன் வச்ச பேரு ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும்.

யாவாரத்தோட விட்டானா? கல்யாணப் பந்தியில ஒக்காந்தா, சோத்து அண்டாவ அடியோட கிளறச் சொல்லுவான். வடுகபட்டிக்குப் பொண்ணு பாக்கப் போனோம். நானும் போயிருந்தேன், அரக்குச் சேலை கட்டிக்கிட்டு. அந்தச் சேலைய எலி கடிச்சது வேற கதை, அத விடு. தட்டுல கேசரி வச்சாக. இவன் கரண்டியால அதையும் பொரட்டுறான். பொண்ணு வீட்டாளுக மூஞ்சி செத்துப் போச்சு. அந்தப் பிள்ள செல்வி மட்டும் அசரல. "அடியில இருக்கது நான் கிண்டுனது, மேல இருக்கது கடையில வாங்குனது. எது வேணும்?"னுச்சு. இவன் அடியத் தின்னான். கட்டி கட்டியா இருந்துச்சு. பொண்ணு பிடிச்சிருக்குன்னுட்டான்.

அப்பேர்ப்பட்டவன் போன்ல ஒரு கேம் விளம்பரம் வந்துச்சு. ஓட்டைக் கூரை வீட்டுக்குள்ள ஒரு பொம்பள, கைப்பிள்ளையோட பனியில நடுங்குறா. கூரைய அடைக்கணுமா, அடுப்பப் பத்த வைக்கணுமான்னு கேக்குது. அதுல விளையாடுற மூதேவி வேணும்னே தப்புத் தப்பாச் செய்யுறான். எனக்குக் காட்டுனான், எனக்கே பத்திக்கிட்டு வந்துச்சு. இவனுக்குப் பொறுக்குமா? நாம போயிக் காப்பாத்துவோம்னு அந்தக் கேம எறக்கிட்டான்.

எறக்கிப் பாத்தா பொம்பளயும் இல்ல, பிள்ளையும் இல்ல. கலர் கலரா மிட்டாய். மூணு மூணாச் சேத்தா வெடிக்குது, அம்புட்டுத்தான். நீயும் நானும்னா அங்கனயே விட்டுட்டு வேலையப் பாத்திருப்போம். அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"அப்பத்தா, இது மேப்பழம். அவ அடியில இருக்கா."

அவன் கணக்கு அது. மேல நல்லது இருந்தா அடியில சொத்தை, மேலயே சொத்தைய வச்சிருக்கான்னா நல்லது அடியிலதான இருக்கணும்?

பெறகு பாக்கணுமே. சாம்பார்னு நெனச்சு இட்லியத் தண்ணிச் சொம்புல முக்கித் திங்கிறான். பந்தலுக்கடியில பழம் வெட்டுற ஆளுக கத்தரிக்கோலோட நிக்கிறாக, இவன் வரப்புல ஒக்காந்து மிட்டாய வெடிக்கிறான். எவன் கூப்பிட்டாலும், "செத்தப் பொறுய்யா, ஒருத்தி கைப்பிள்ளையோட குளுருல கெடக்கா"ம்பான். அது எப்பிடியோ வடுகபட்டிக்குப் போயிருச்சு. மாமியாக்காரி மறுநாளே பஸ் ஏறி வந்துட்டா. "எவ அவ, பிள்ளை வேற இருக்காமே"ன்னு வாசல்ல நின்னு அவ போட்ட சத்தத்துல என் கோழி முட்டை போடல. இவன் போனக் காட்டுனான். அந்தம்மா பாத்துச்சு, பாத்துச்சு, கடைசியில, "பச்ச மண்ணுக்குச் சளி பிடிச்சிருமே, சீக்கிரம் ஏதாச்சும் செய்யுங்க மாப்ள"ன்னுட்டு ஒக்காந்துருச்சு.

செல்விதான் மசியல. வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள அவளக் கரையேத்து, இல்லாட்டி ஆத்தாவோட நான் கெளம்புறேன்னு பையக் கட்டி வச்சுட்டா. சொன்னாச் செய்யுறவ அவ.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் தெருவே அவுக வீட்டுலதான். நான் மீனக் கழுவிக்கிட்டு இருந்தவ, அந்தக் கையோட ஓடுனேன். கடைசி லெவலாம். செல்வி பையோட வாச நெலையில நிக்கிறா. கடைசி மிட்டாயும் வெடிச்சுச்சு. ஏதோ எழுத்து வந்துச்சு, எனக்கு எங்க தெரியுது, செல்வி எட்டிப் பாத்து வாசிச்சா: "புதிய லெவல்கள் விரைவில் வரும்."

அடியில ஒன்னுமே இல்ல, மல்லிகா. காலிப் பெட்டி.

அந்த நேரம் பாத்து அதே கேமோட புது விளம்பரம் வருது. அதே பொம்பள, அதே பிள்ளை. இந்தத் தடவை சுத்தி நெருப்புக் கொழம்பு ஏறி வருது.

"குளுருல கெடந்தவள இப்ப நெருப்புல வச்சிருக்கானுகளே"ன்னான். கண்ணுல தண்ணி நிக்குது, மீசை வச்ச மனுசனுக்கு.

செல்வி பையக் கீழ வச்சா. போன அவன் கையில இருந்து வாங்குனா.

"மாமா, அவளுக்கு ஒன்னும் ஆகாது. நாளைக்கும் இதே மாதிரி உசுரோட வருவா. நீ எந்திரிச்சுச் சோறு தின்னு."

நெசமாவான்னு கேட்டான். நெசந்தான்னு சொல்லி, கேம அவளே அழிச்சுட்டு எலையப் போட்டா. மாமியாக்காரியும் தின்னுட்டுத்தான் பஸ் ஏறுனா.

இன்னைக்கும் அவன் தலை தெரிஞ்சா, பொம்பளயக் காப்பாத்திட்டியான்னு கேலி பேசுறாக. நானும் சிரிக்கிறவதான். ஆனா என் மகனுக ரெண்டு பேரும் திருப்பூர்ல இருக்காக. படத்துல நடுங்குனவளுக்கே அப்பிடித் தவிச்சவன் மூணு வீடு தள்ளி இருக்கான்னு நெனச்சாலே எனக்குத் தூக்கம் நல்லா வருது. இந்தா, குழாய்ல தண்ணி வந்துருச்சு, குடத்த எடு, எடு.