புறப்பட்ட பையும் புறப்படாத நானும்

குஷாய்குடா, ஹைதராபாத்
பிப்ரவரி 2011, புதன்கிழமை மாலை

என்றென்றும் என் மரியாதைக்குரிய அத்திம்பேர் ஸ்ரீ நடேசன் அவர்களின் சமூகத்துக்கு, மைத்துனன் சாரங்கபாணி அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது. கோயம்புத்தூரில் தாங்களும் அலமு அக்காவும் சௌக்கியமாக இருக்கப் பகவானைப் பிரார்த்திக்கிறேன். அடுத்தபடியாக இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுத வேண்டும். இன்றைக்கு அதை எழுதப் பேனா மறுக்கிறது. மத்தியானத்திலிருந்து நான் அதிர்ச்சியில் இருக்கிறேன். மங்களம் இரண்டு தடவை காபி கொடுத்துவிட்டாள், இரண்டும் எதிரில் ஆறிப்போய் இருக்கின்றன.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். அக்கா என் குரலைக் கேட்டதும் போனை வைத்துவிடுகிறாள். உங்களுக்கோ போனில் பாதி காதில் விழாது. ஆகவே நான் கைப்பட எழுதுவது, உமேஷ் அதை ஸ்கேன் பண்ணி உங்கள் வெங்கட்டுக்கு மின்னஞ்சலில் அனுப்புவது என்று ஏற்பாடு. விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் சஷ்டியப்தபூர்த்திக்கு நானும் மங்களமும் வர முடியாது. தயவுசெய்து கடிதத்தை இங்கேயே கீழே வைத்துவிடாதீர்கள். மீதியையும் படித்தால்தான் நான் எவ்வளவு நிரபராதி என்று தெரியும்.

எல்லாவற்றுக்கும் காரணம் உமேஷ் வாங்கின விமான டிக்கெட். மாதாப்பூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளை, அப்பா அம்மாவை முதல் முதலாகப் பிளேனில் அனுப்புகிறேன் என்று ஆசைப்பட்டான். தெலங்கானா போராட்டத்தில் இந்த ஊரில் இப்போது எந்த நாள் பந்த் வரும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் முழுப் பணமும் திரும்பி வருகிற டிக்கெட்டாக வாங்கியிருக்கிறேன் என்றான். எனக்கு முதல் அதிர்ச்சி அப்போதே. ரயிலில் ரத்து செய்தால் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கொடுப்பான். இவன் எப்படி முழுசாகக் கொடுப்பான் என்று கேட்டேன். அதற்காகத்தான் முதலிலேயே கூடுதலாக வாங்கிக்கொள்கிறான் என்றான். அதாவது ஒரே பிளேன், ஒரே மாதிரி சீட், ஒரே குவளைத் தண்ணீர், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் நம்மில் பாதிதான் கொடுத்திருப்பான். அவன் மனசு மாறக்கூடாது, நாம் மாறலாம், மனசு மாறுகிற உரிமைக்குத்தான் அந்தக் கூடுதல் விலை. நான் பாக்டரியில் பர்ச்சேஸ் டிபார்ட்மெண்டில் ஆயுசு பூரா டெண்டர் நிபந்தனைகளைப் படித்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவன். இந்த மாதிரி ஒரு சரக்கை எந்த சப்ளையரும் என்னிடம் விற்றதில்லை.

சரி, விதிகளைப் படித்துவிடுவோம் என்று எல்லாவற்றையும் அச்சடித்துத் தரச் சொன்னேன். டிக்கெட் ஒரு பக்கம், விதிகள் ஒரு கட்டு. சிவப்புப் பென்சிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முழுத் தொகையும் திரும்பும் என்று மேலே கொட்டை எழுத்து, வசதிக் கட்டணம் மட்டும் திரும்பாது என்று கீழே எறும்பு எழுத்து. யாருடைய வசதிக்கு என்று போடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வராமல் இருந்துவிடுகிற ஆளுக்கு 'நோ-ஷோ' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். அடுத்தபடியாக ஒரு விதி: பயணத்தில் எந்தப் பகுதியாவது தொடங்கிவிட்டால் பணம் திரும்பாது. இதை நான் இரண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டேன். என் கையால் அடிக்கோடிட்டேன் என்பதைத் தாங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மங்களம் சும்மா இருந்திருக்கலாம். உமேஷ் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக டிக்கெட் வாங்கியிருக்கிறான் பாருங்கோ என்று அக்காவிடம் போனில் பெருமை அடித்துக்கொண்டாள். எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம், ஒரு நஷ்டமும் இல்லை என்று அக்காவிடமா சொல்வது? வெங்கட் பூணூலுக்கு பாக்டரியில் ஸ்டாக் சரிபார்ப்பு என்று நான் வரவில்லை, அவன் கல்யாணத்துக்கு இவளுக்கு அம்மை போட்டு வரவில்லை. இரண்டும் சத்தியமான காரணங்கள். ஆனால் அக்கா கணக்கில் நான் பழைய நோ-ஷோ. அன்றைக்கு என்னைப் போனுக்குக் கூப்பிடச் சொன்னாள். அவள் சத்தம் போடவில்லை. "வராம இருக்கறதுக்கு வழி வெச்சிண்டே டிக்கெட் வாங்கியிருக்கே சாரங்கா. பொறந்தாத்துப் புடவையைக் கட்டிண்டுதான் மணையில உக்காரணும்னு இருந்தேன். நீ வரலைன்னா நானே கடையில போய் ஒண்ணு வாங்கிக்கறேன். எனக்குப் பொறந்தாம்னு ஒண்ணு இல்லைன்னு நெனைச்சுக்கறேன்" என்றாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசினது. அப்பா அம்மா போன பிறகு அவளுக்குப் பிறந்தகம் என்றால் நான் ஒருத்தன்தானே.

இந்தத் தடவை எதுவும் தடுக்கக்கூடாது என்று நான் சகல முன்னேற்பாடும் செய்தேன். டிக்கெட் வியாழக்கிழமைக்கு. வியாழனில் தெற்கே சூலம், கோயம்புத்தூர் தெற்கே. உமேஷுக்கு இதெல்லாம் எங்கே தெரியும், விலை பார்த்து நாள் பார்த்தான். தேதியை மாற்றச் சொன்னால் குதிப்பான் என்று நானும் மங்களமும் பேசிப் பரஸ்தானம் வைத்துவிடுவது என்று தீர்மானித்தோம். புடவை, உங்கள் வேஷ்டி, அக்காவுக்குப் பிடித்த உஸ்மானியா பிஸ்கட் எல்லாவற்றையும் ஒரு பையில் வைத்து, இன்று காலை நல்ல வேளையில் எதிர் வீட்டு ஆரோக்கியசாமி வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். பாக்டரி ஸ்டோர்ஸில் இருந்தவர், தூத்துக்குடிக்காரர், நல்ல மனுஷர். முதல் நாளே பை வாசல் தாண்டிவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம், அப்புறம் நாங்கள் போவது அதன் தொடர்ச்சிதான், நடுவில் பை திரும்ப எங்கள் வீட்டுக்குள் வரக்கூடாது என்று விளக்கினேன். சரக்கு உள்ளே வந்தாச்சு, கேட் பாஸ் இல்லாமல் வெளியே போகாது என்றார். அவர் சம்சாரம் எலிசபெத் அம்மாள் நாற்காலியைத் துடைத்து, ஏசுநாதர் படத்துக்குக் கீழே போட்டு, அதன் மேல் பையை வைத்தார்கள். எனக்குத் திருப்தியாக இருந்தது.

அந்தத் திருப்தி மத்தியானம் வரைதான். நாளைக்கு பந்த் என்று டிவியில் சொல்லிவிட்டான். இங்கிருந்து ஷம்ஷாபாத் விமான நிலையம் ஊருக்கு அந்தப் பக்கக் கோடி. ஆட்டோ ஸ்டாண்டில் நமக்குப் பழக்கமான மஸ்தானைக் கேட்டால், நாளைக்கா, நக்கோ சாப் நக்கோ, வரமாட்டேன், கண்ணாடி போனால் யார் தருவார்கள் என்கிறான். இன்றைக்கே போய் அங்கே உட்கார்ந்துவிடுகிறேன் என்றேன், நாளைத் தேதி டிக்கெட்டை வைத்துக்கொண்டு இன்றைக்கு உள்ளே விடமாட்டார்கள் என்றான் உமேஷ். வெள்ளி, சனி இரண்டு நாளும் பிளேன் நிரம்பிவிட்டதாம், ரயிலில் காத்திருப்போர் பட்டியல் அனுமார் வாலாம். அவனே ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தான். வேற வழியில்லைப்பா, நம்பர் தரேன், கூப்பிட்டு ரத்து பண்ணிடு, முழுசா வந்துடும் என்றான். அக்கா சொன்னது அப்படியே நடக்கிறதே என்று நினைத்துக்கொண்டே நம்பரை எழுதிக்கொண்டேன்.

நம்பரைச் சுற்றினேன். வெகுநேரம் வீணை வாசித்தார்கள். அப்புறம் வடக்கத்திப் பெண் ஒருத்தி இங்கிலீஷில் பேசினாள். பேர், ஊர், டிக்கெட் நம்பர் எல்லாம் சரியாகச் சொன்னேன். நிஜமாகவே ரத்து செய்ய வேண்டுமா என்று கேட்டாள், வேண்டும் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, ஆனாலும் சொன்னேன். கடைசியாக ஒரே ஒரு கேள்வி சார் என்றாள்.

"பயணத்தில் ஏதாவது பகுதி தொடங்கிவிட்டதா?"

அத்திம்பேர், நீங்களே சொல்லுங்கள். தொடங்கவில்லை என்று என் வாயால் சொன்னால் காலையில் வைத்த பரஸ்தானம் என்னாவது? கல்யாணத்துக்கு ஒப்பான காரியத்துக்கு வைத்த பை அது. மங்களம் சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். போதாததற்கு, உண்மையல்லாத வாக்குமூலத்தில் நான் இதுநாள்வரை கையெழுத்துப் போட்டதில்லை.

"தொடங்கிவிட்டது அம்மா. இன்று காலை" என்றேன்.

"நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள்?"

"வீட்டில்."

"அப்படியானால் புறப்பட்டது யார்?"

"பை மட்டும்."

டக்டக்கென்று தட்டுகிற சத்தம் நின்றுபோயிற்று. பையை யார் பெற்றுக்கொண்டார்கள் என்றாள். ஆரோக்கியசாமி என்றேன். எங்கள் ஊழியரா என்றாள். இல்லை, ஸ்டோர்ஸ் என்றேன். மறுபடியும் வீணை. இந்தத் தடவை ஒரு மேலதிகாரி வந்தார். ஆள் இல்லாமல் பை மட்டும் கிளம்பினால் அது பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயமாம். உள்ளே என்ன இருக்கிறது என்றார். ஒன்பது கஜம் என்றேன். எதில் ஒன்பது கஜம் என்றார். பட்டில், அரக்குக் கலர் என்றேன். பை எந்த விமானத்தில் போனது என்றார். விமானத்தில் போகவில்லை, எதிர் வீட்டு நாற்காலியில் இருக்கிறது என்றேன். நல்லதாய்ப் போயிற்று, அதை முதலில் வீட்டுக்கு எடுத்து வாருங்கள் என்றார். எடுத்து வரக்கூடாது என்பது விதி என்றேன். எந்த விதிப் புத்தகத்தில் இருக்கிறது என்றார். எனக்கும் கோபம் வந்துவிட்டது, உங்களுக்கு ஒரு கட்டு விதி இருந்தால் எங்களுக்கு ஒன்று இருக்கக்கூடாதா என்றேன். அவர் பெருமூச்சு விட்டது டெல்லிப் பக்கம் குர்கானிலிருந்து எனக்குக் கேட்டது. பயணம் தொடங்கியதாகப் பயணியே ஒப்புக்கொண்டு ரெகார்ட் ஆகிவிட்டது, இனி ரத்தும் கிடையாது, ஒரு பைசா திரும்பவும் கிடையாது என்று சொல்லி வைத்துவிட்டார். நான் சிவப்புக் கோடு போட்ட அதே விதி.

உமேஷ் மீட்டிங்கிலிருந்து கூப்பிட்டான். நடந்ததைச் சொன்னேன். "அவ டிக்கெட்டைத்தானே கேட்டா? பையைப் பத்தி எதுக்குப்பா சொன்னே?" என்றான். மங்களம்தான் மெதுவாக, "உங்களுக்கு ரத்து பண்ண மனசு வரலை. அதான் வாய் அப்படிப் பேசித்து" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பணம் போனதற்காக இல்லை. எதிர் வீட்டு ஜன்னல் வழியாகப் பை தெரிகிறது. அது முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது, நானும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகவே அத்திம்பேர், இதை அக்காவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டியது தங்கள் பொறுப்பு. புடவையைப் பிறகு யாராவது வருகிறவர்கள் மூலம் அனுப்புகிறேன். அவளைக் கடைக்கு மட்டும் போகவிடாதீர்கள். தங்கள் இருவருக்கும் நாங்கள் இங்கிருந்தே விழுந்து நமஸ்காரம் செய்கிறோம், அட்சதை போட்டு ஆசீர்வதிக்க வேண்டியது. வெங்கட்டுக்கு ஆசிகள். அக்காவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லவும், வாங்கிக்கொள்கிற முகமாக இருந்தால்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனன்,
சாரங்கபாணி

பி.கு.: மேலே எழுதியது எதையும் நம்ப வேண்டாம். கடிதத்தை மடிக்கும்போதே டிவியில் கீழே ஓடுகிறது, நாளைக்கு பந்த் இல்லையாம், தள்ளிவைத்துவிட்டார்களாம். உமேஷ் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு இப்போதுதான் போன் பண்ணினான். அந்தப் பெண்ணின் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லி ரத்து செய்தவர்களின் சீட்டெல்லாம் அதற்குள் வேறு யார் யாருக்கோ போய், நாளைய பிளேனும் நிரம்பிவிட்டதாம். அவன் ஆபீஸிலேயே ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறாராம். எங்கள் இரண்டு சீட்டும் மட்டும் வைத்தது வைத்தபடி இருக்கின்றன, ஏறலாம், பணம் கேட்கத்தான் கூடாது என்று அந்த மேலதிகாரியே உமேஷிடம் உறுதி சொல்லிவிட்டார். ஆரோக்கியசாமி சார் வாசலில் நின்று, "உம்ம பை காலையிலேயே கெளம்பியாச்சு சாரே, நீரு எப்ப கெளம்புதீரு?" என்கிறார். நாளைக்கு அவர் வீட்டு வாசலிலிருந்தே வண்டி ஏறுகிறோம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து உலை வைக்கச் சொல்லுங்கள். அக்காவிடம் வேறு எதையும் விளக்க வேண்டாம், ஒன்றை மட்டும் சொல்லுங்கள். சாரங்கனிடம் இப்போது இருப்பது எக்காரணம் கொண்டும் பணம் திரும்பாத டிக்கெட். வராமல் இருக்க அவனுக்கு இனிமேல் வழியே கிடையாது.